சப்வூஃபர்: இடம் முதலில், குமிழ் பிறகு

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருப்பதால், மாற்றலாகி வரும் குடும்பங்களும் மாற்றலாகிப் போகும் குடும்பங்களும் அங்கே எப்போதும் உண்டு. லாரியில் வந்திறங்கும் சாமான்களில் டிவியும் அதோடு வரும் ஹோம் தியேட்டரும் பத்திரமாக இறக்கப்படுபவை. ஆனால் புது வீட்டில் ஒயர்களை மாட்டிப் பாட்டைப் போட்டதும் பல நேரம் ஏமாற்றம்தான். பழைய ஊரில் கச்சிதமாகக் கேட்ட அதே சப்வூஃபர் இங்கே காதைக் குடைகிறது. அல்லது சமையலறை வாசலில் அதிரும் பேஸ், சோபாவில் வந்து உட்கார்ந்தால் காணாமல் போகிறது. பெட்டி லாரியில் அடிபட்டிருக்கும் என்று முடிவுகட்டி, பழுது பார்ப்பவரைத் தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் பெட்டியில் பழுது எதுவும் இருக்காது. மாறியது அறைதான்.

சப்வூஃபரைச் சரிசெய்வது என்றால் அதன் பின்னால் இருக்கும் குமிழ்களைத் திருகுவது என்றே பலர் நினைக்கிறார்கள். குமிழ்களுக்கு வேலை உண்டு. ஆனால் அது இரண்டாவது வேலை. பெட்டியை எங்கே வைக்கிறோம், நாம் எங்கே உட்காருகிறோம் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் குமிழ் பேச வேண்டும். இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் நல்ல பெட்டி வாங்கியவர்களும் திருப்தியில்லாமல் இருக்கிறார்கள். அண்டை வீட்டார் முகம் சுளிப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். புறநகர் வீடுகளின் அளவை வைத்தே இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பெட்டியின் வேலை

மனிதக் காதுக்கு எட்டும் ஒலி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. இதில் அடிமட்டமான 20 முதல் 80 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும் கவனித்துக்கொள்வது சப்வூஃபரின் பொறுப்பு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அடுத்தடுத்த தந்திகள் 55, 73, 98 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாடகரின் குரலுக்குக் கீழே தனி நடை போட்டுக்கொண்டு போகும் பேஸ் கிட்டாரின் அடிப்படைச் சுரங்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் வருபவை. டிவியோடு வரும் சிறு ஸ்பீக்கர்களால் இவற்றைத் தர முடியாது. நமக்குக் கேட்பதெல்லாம் அந்தச் சுரங்களின் மேலடுக்குகள்தான். அடித்தளத்தை மூளை ஊகித்துக்கொள்கிறது.

5.1 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. ஐந்து என்பது முழு ஒலியைத் தாங்கும் ஐந்து தடங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இயங்கும் தனித் தடம். வெடிச் சத்தம், இடி, பூகம்பம் போன்றவற்றுக்காகத் திரைப்பட ஒலிக்கலவையில் இது ஒதுக்கப்படுகிறது. மற்றத் தடங்களை விட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி இதை வகுத்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வழியாக டால்பி டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வந்தபோது இந்த அமைப்பு பரவத் தொடங்கியது. பிறகு டிவிடி வழியாக அது வீட்டுக்குள் நுழைந்தது.

சாதாரண சினிமாப் பாட்டு இரண்டே தடங்கள் கொண்ட ஸ்டீரியோ. அதில் இந்தத் தனித் தடம் கிடையாது. அப்படியானால் பாட்டுக்குச் சப்வூஃபர் எப்படி வேலை செய்கிறது? இரண்டு தடங்களிலும் உள்ள அடி ஒலியை ஆம்ப்ளிஃபயர் பிரித்தெடுத்து, அதைச் சப்வூஃபருக்கு அனுப்புகிறது. இந்தப் பிரிப்பு அமைப்புப் பட்டியலில் சரியாகக் குறிக்கப்படாவிட்டால், படத்துக்கு அதிரும் பெட்டி பாட்டுக்கு வாய் திறக்காது. "பாட்டுக்குப் பேஸ் வரவில்லை" என்ற புகார் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அறை போடும் கணக்கு

நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 7 மீட்டர், அதாவது 23 அடி நீளம். அரை கிரவுண்டு மனையில், 1,200 சதுர அடிக்குள் கட்டப்பட்ட வீட்டின் ஹால் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அல்லது 12 அடிக்கு 15 அடி இருக்கும். அலை அறையை விடப் பெரியது. இந்த நிலையில் ஒலி ஹாலுக்குள் சுதந்திரமாக ஓடுவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, தன் மீதே விழுந்து, சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் அழிந்தும் நின்றுவிடுகிறது.

எந்த அதிர்வெண்ணில் அப்படி நிற்கும் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அடியில் அளந்து, 574 என்ற எண்ணை அதால் வகுத்தால் போதும். 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 48. 10 அடிக்கு 57. தரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட உயரத்துக்கும் இதே கணக்குதான். இந்த எண்களிலும் இவற்றின் மடங்குகளிலும் அறை தானே சேர்ந்து ஒலிக்கும்.

10 அடிக்கு 12 அடி ஹாலில் கூரையும் 10 அடி உயரத்தில் இருந்தால், அகலமும் உயரமும் சேர்ந்து 57 ஹெர்ட்ஸைத் தூக்கிப் பிடிக்கின்றன. 10 அடிக்கு 10 அடி படுக்கையறையில் மூன்று பக்கமும் அதே 57-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பேஸ் கிட்டாரின் 55 ஹெர்ட்ஸ் தந்தி இந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள். வாசித்தவர் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் வாசித்திருப்பார்; நம் அறையில் அந்தத் தந்தியைத் தொடும்போது மட்டும் 'கும்' என்று வீங்கும். இதைத்தான் பெட்டியின் குறை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம்.

அமெரிக்க வீடுகளைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புகள் இங்கே முழுதாகப் பொருந்தாததற்கும் காரணம் உண்டு. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்த சுவர்கள். பேஸின் ஒரு பங்கு அந்தச் சுவரை வளைப்பதில் செலவாகி அடங்கிவிடும். நம் வீடுகளில் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். ஒலி ஏறத்தாழ முழுதாகத் திரும்பி வருகிறது. அதனால் ஒரே பெட்டி நம் ஹாலில் இன்னும் கடுமையாக முழங்கும்.

சுவரில் முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டினால் இது தீருமா? தீராது. அவை கைதட்டலின் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். 23 அடி நீள அலைக்கு இரண்டங்குல ஃபோம் ஒரு தடையே இல்லை. ஜன்னல் திரைக்கும் இதே கதிதான். ஹால் சமையலறையை நோக்கித் திறந்திருந்தாலோ, படிக்கட்டு உள்ளேயே ஏறினாலோ கணக்கு சற்று நெகிழும். பேஸுக்கு வெளியேற வழி கிடைப்பதால் முழக்கமும் கொஞ்சம் குறையும். எதுவானாலும் நம் கையில் இருக்கும் வலுவான மருந்து பெட்டியையும் நாற்காலியையும் நகர்த்துவதுதான். அதற்குச் செலவும் கிடையாது.

எங்கே வைப்பது, எங்கே உட்காருவது

முதலில் உட்காரும் இடம். நின்றுபோகும் அலை சுவரோரம் அதிகமாகவும், அறையின் நட்டநடுவில் மிகக் குறைவாகவும் கேட்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். அங்கே பேஸ் வீங்கித்தான் கேட்கும். ஹாலின் சரிபாதியில் நாற்காலி போட்டால் ஒரு சுரம் அடியோடு காணாமல் போகும். முடிந்தால் சோபாவைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். அந்த ஓர் அடி தரும் வித்தியாசம் பலருக்கு வியப்பாக இருக்கும்.

அடுத்தது பெட்டி. மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து ஒலியைத் தள்ளும். கோட்பாட்டின்படி, பக்கத்தில் ஒரு சுவர் சேரும்போது ஒலியழுத்தம் 6 டெசிபல் வரை கூடலாம். ஆம்ப்ளிஃபயரின் திறனை நான்கு மடங்காக்கியதற்கு அது சமம். சிறிய பெட்டிக்கு இது உதவி. ஆனால் மூலை, அறையின் எல்லா முழக்கங்களையும் ஒன்றுவிடாமல் எழுப்பும். ஆகவே மூலையில் வைத்துத் தொடங்கலாம். அங்கேயே முடிக்க வேண்டும் என்பதில்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, உலகெங்கும் ஒலித்துறையினர் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இனி நீங்கள் சுவரோரமாகக் குனிந்து, காதைப் பெட்டி இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய், மெல்ல நகர்ந்துகொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் முழங்கும்; இன்னோரிடத்தில் பேஸே இருக்காது. எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் அறை செய்யும் வேலை மாறாது என்பதால் இந்த உத்தி பலிக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் சிரிக்கக்கூடும், பெட்டியை ஒவ்வோர் இடமாகத் தூக்கிச் சுமப்பதை விட இது மேல்.

கிடைத்த இடத்திலும் சில எச்சரிக்கைகள். ஷோகேஸுக்குள்ளோ கடப்பைக் கல் அலமாரித் தட்டிலோ சப்வூஃபரை வைக்கக் கூடாது. பெட்டியோடு அலமாரியும் பாடும். பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து அரையடியாவது தள்ளி வையுங்கள். எலியும் பல்லியும் புகுகின்றன என்று அந்தத் துளையில் துணியைத் திணித்தால் பெட்டியின் கணக்கே மாறிவிடும். பேஸோடு ஒரு கரகரப்பு கேட்டால் உடனே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்டீல் பீரோவின் கதவு, ஜன்னல் கண்ணாடி, அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். கரகரப்பு நின்ற இடத்தில் குற்றவாளி கிடைத்துவிடும்.

வசதியுள்ளவர்கள் ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு நடுத்தரப் பெட்டிகளை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் இரண்டு சப்வூஃபர்களை வைத்தால் அறையின் பல இருக்கைகளிலும் பேஸ் சீராகக் கேட்கும் என்று காட்டியது. அதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

மூன்று குமிழ்கள்

இடம் முடிவானது. இனிதான் பின்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே பொதுவாக மூன்று இருக்கும்: கிராஸ்ஓவர், லெவல், ஃபேஸ். இதே வரிசையில் அமைப்பது நல்லது.

கிராஸ்ஓவர் என்பது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான எல்லைக்கல். அதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்கு, மேலே உள்ளது மற்றவற்றுக்கு. பல கையேடுகள் 80 ஹெர்ட்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. திரையரங்க ஒலித்தரத்துக்காக எண்பதுகளில் உருவான டிஎச்எக்ஸ் அமைப்பும் வீட்டுக்கு இந்த எண்ணையே பரிந்துரைத்தது. ஐந்து, ஆறு அங்குல வூஃபர் உள்ள ஸ்பீக்கர்களுக்கு 80 பொருந்தும். உள்ளங்கை அளவு சாட்டிலைட் ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தாது. அவை பெரும்பாலும் 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கா. அங்கே 80-இல் எல்லை போட்டால் நடுவில் யாரும் கவனிக்காத ஒரு பள்ளம் விழுந்து பாட்டு ஒல்லியாகிவிடும். அப்படிப்பட்ட செட்டுக்கு எல்லையை 120 அல்லது 150-க்கு உயர்த்த வேண்டும். கூடவே சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85-இல் தொடங்குகிறது. எல்லை உயரும்போது செய்தி வாசிப்பவரின் குரலில் ஒரு பங்கு சப்வூஃபருக்குப் போய்விடும். பெட்டி மூலையில் இருந்தால், திரையில் இருப்பவர் மூலையிலிருந்து பேசுவது போலிருக்கும்.

ஏவி ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபயர், வைத்திருப்பவர்கள் எல்லையை ஓரிடத்தில் மட்டும் போட வேண்டும். ரிசீவரில் ஸ்பீக்கர்களின் அளவை 'ஸ்மால்' என்று குறித்து, அங்கேயே 80 என்று அமையுங்கள். சப்வூஃபரின் சொந்தக் குமிழை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். சப்வூஃபரில் 'எல்எஃப்இ' (5.1-இன் அந்தத் தனித் தடத்தின் பெயர்) என்ற இணைப்பு இருந்தால் அதில் ஒயரை மாட்டுங்கள். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் எல்லைக்கருகே ஒலி இரட்டிப்பாகக் குறையும். 'ஸ்மால்' என்ற சொல் கௌரவக் குறைச்சல் என்று எண்ணிப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்போர் 'லார்ஜ்' போடுவதுண்டு. பாட்டுக்குச் சப்வூஃபர் வாய் திறக்காமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அடுத்தது லெவல். பேஸ் தனியாகத் தெரிந்தால் அது கூடுதல் என்று கொள்ளுங்கள். முதலில் செய்தியைப் போடுங்கள். வாசிப்பவரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் லெவலைக் குறையுங்கள். பிறகு பேஸ் கிட்டார் உள்ள பாட்டு. பிறகு மிருதங்கம்: ரவைப் பசை ஒட்டிய தொப்பிப் பக்கத்தின் அடியும், வலந்தலைப் பக்கத்தின் நாதமும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் தனியே முட்டினால் இன்னும் குறைக்க இடமிருக்கிறது. கடைசியாகச் சப்வூஃபரை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் ஹால் வெறிச்சென்று ஆனால், அமைப்பு சரி.

"படத்தில் வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது" என்ற குறைக்கும் மருந்தின் ஒரு பாதி இங்கேயே இருக்கிறது. கீழ்ச்சுருதி ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள ஒலிகளைக் காது சரியாகப் பிரித்தறியாது. பேஸைக் குறைத்தாலே வசனம் தெளிவதைப் பார்க்கலாம். மீதிப் பாதிக்கு நடு ஸ்பீக்கரின் லெவலைக் கூட்டலாம். இரவில் 'நைட் மோட்' போடலாம். அது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துத் தரும்.

மூன்றாவது ஃபேஸ். எல்லைக்கல்லின் இருபுறமும் உள்ள ஒலியைச் சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் சேர்ந்தே தருகின்றன. ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால் இரண்டும் அழிந்துபோகும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் சோபாவில் உட்கார வேண்டும். இன்னொருவர் பெட்டியருகே இருந்து 0, 180 என்ற இரண்டு நிலைகளையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். சோபாவில் பேஸ் எப்போது நிறைவாகக் கேட்கிறதோ அந்த நிலையில் விட்டுவிடுங்கள். ஃபேஸைக் கேட்டு முடிவுசெய்த பின், லெவலை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மைக் வைத்துத் தானே அளந்துகொள்ளும் ரிசீவர்கள் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். அளக்கும் நேரத்தில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அடுப்பில் குக்கர் இருந்தால் அதையும். முடிவில் சப்வூஃபரின் தூரத்தை உண்மையான அளவை விடச் சில அடி கூட்டி அது காட்டலாம். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் வரும் எண் அது. டேப் வைத்து அளந்து திருத்தாதீர்கள்.

சின்ன செட்டுகளுக்கு

எல்லார் வீட்டிலும் ரிசீவர் இருப்பதில்லை. ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்த செட், 2.1 செட், சவுண்ட்பார் என்று பல வகை. இவற்றில் கிராஸ்ஓவர் பெரும்பாலும் உள்ளேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ் சுவிட்ச் இருக்காது. கையில் இருப்பது சப்வூஃபர் லெவலும் பேஸ் குமிழும்தான். பேஸ் குமிழ் எல்லா ஸ்பீக்கர்களின் கீழ்ச்சுருதியையும் சேர்த்துத் தூக்குவதால், அதை நடுவில் வைத்துவிட்டுச் சப்வூஃபர் லெவலை மட்டும் மாற்றுங்கள். டிவியில் ஒரு ஈக்வலைசர், செட்டில் ஒன்று, போனில் ஒன்று என்று மூன்று இடத்தில் பேஸ் கூட்டியிருப்பதும் சகஜம். மற்ற இரண்டையும் சமநிலைக்குக் கொண்டுவந்து, ஓரிடத்தில் மட்டும் கூட்டுங்கள்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான 'பிஎம்பிஓ' வாட்ஸை நம்ப வேண்டாம். அதற்கென்று ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், பின்பக்கம் ஒட்டியுள்ள சீட்டில் அது இழுக்கும் மின்சாரம் எத்தனை வாட்ஸ் என்று இருக்கும். இழுப்பதை விட அதிகமாக அது தொடர்ந்து தர முடியாது.

பாட்டே இல்லாத நேரத்திலும் 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். கேபிள் டிவி ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் அந்த வழியாகத்தான் வருகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர் மூன்றையும் ஒரே சுவிட்ச் பெட்டியில் செருகினால் பல நேரம் குறையும். முனகலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை உடைப்பது உயிருக்கு ஆபத்து.

சுவருக்கு அந்தப் பக்கம்

கடைசிக் கேள்வி நம் ஹாலைத் தாண்டியது. சுவர் கனமாக இருப்பதால் ட்ரெபிள் நின்றுவிடும். பேஸ் நிற்காது, அதிர்வெண் குறையக் குறையச் சுவரின் தடுக்கும் திறனும் குறைகிறது. அடுத்த வீட்டுக்காரருக்குப் பாட்டும் வசனமும் போய்ச் சேர்வதில்லை, 'டும் டும்' மட்டும் போகிறது. பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகச் சுவரில் மோதிப் போவது குறையாது. மாடியிலும் கீழேயும் வெவ்வேறு குடும்பங்கள் இருக்கும் வீட்டில் விரிப்பு பயன் தரும், ஆனால் அதுவே முழுப் பரிகாரம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் வரம்பு. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் வீட்டின் எல்லையில் இந்த வரம்பை விட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டெசிபலை அளக்கும் முறை 'ஏ எடை' எனப்படுவது. அது மனிதக் காதை ஒட்டி, கீழ்ச்சுருதியைக் குறைத்து எண்ணுகிறது.

இதன் வேர் 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. மெல்லிய ஒலியில் காது பேஸைச் சரியாகக் கேட்பதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். இன்றைய பன்னாட்டு அளவுகோலின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக உள்ள ஒலிக்கு இணையான உரப்பில் 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமென்றால் அது சுமார் 78 டெசிபல் இருக்க வேண்டும். வால்யூமைக் குறைத்ததும் பேஸ் வற்றிப்போவதும், உடனே நம் கை சப்வூஃபர் லெவலை நோக்கிப் போவதும் இதனால்தான்.

'ஏ எடை'யின் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபல் தள்ளுபடி. அதாவது அடுத்த வீட்டுப் படுக்கையறையில் 70 டெசிபலாக முட்டும் பேஸ், கருவியில் 40 என்றுதான் காட்டும். இரவு வரம்பான 45-க்கு அது உட்பட்டதே. ஆனால் ஊர் அடங்கிய இரவில், வேறு எந்த ஒலியும் மூடி மறைக்காத நேரத்தில், சீராக விழும் அந்த முட்டல் தூங்குகிறவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் நிறைந்த ஆவடி வட்டாரத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. கருவியில் எண் சரியாக இருக்கிறது என்பது அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்லும் பதிலாகாது.

சப்வூஃபர் ஆடம்பரம், அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இசையமைப்பாளரும் ஒலிக்கலவையாளரும் உழைத்து வைத்த ஓர் அடுக்கு முழுவதும் அது இல்லாமல் நமக்குக் கிடைக்காது. ஒரு ஞாயிறு மதியத்தை ஒதுக்கி, அளவு டேப்பை எடுத்து ஹாலை அளந்து, பெட்டிக்கு இடம் பார்த்து, அதன் பிறகு குமிழ்களைத் திருகுங்கள். எல்லாம் முடிந்ததும் பாட்டை ஓடவிட்டு, வெளியே போய் அடுத்த வீட்டுச் சுவரோரம் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். 'டும் டும்' அங்கே கேட்டால் லெவல் இன்னும் கூடுதல். இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்நேரத்துப் பாட்டுக்கு மற்ற ஸ்பீக்கர்களே போதும்.